ஒன்பது பிள்ளைகளும் ஓர் ஈதித் தாளும்: விடுமுறைக்கு முந்தைய நாட்களின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…



சென்ற ஷஅபான் மாதத்தின் கடைசி வாரம். ரமலான் விடுமுறைக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. திருச்சியில் நாம் ஓதிக்கொடுக்கும் மாலை நேர மக்தபில் அன்று அமர்ந்திருந்த பிள்ளைகள் ஒன்பது பேர். அன்று வராதவர்கள் என்று எவரும் இல்லை. வகுப்பின் மொத்த எண்ணிக்கையே அவ்வளவுதான். ஒரு காலத்தில் இதே கூடத்தில் இடம் போதாமல் வராந்தாவிலும் பாய் விரித்ததுண்டு. டியூஷன், பள்ளிக்கூடச் சிறப்பு வகுப்பு, கைபேசிவழி குர்ஆன் வகுப்பு, புறநகருக்குக் குடிபெயர்தல் எனப் பல காரணங்களால் எண்ணிக்கை தேய்ந்துவிட்டது.

அன்று அஸ்ருத் தொழுகைக்குப் பின் ஜமாஅத் பெரியவர் ஒருவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "ஹஜ்ரத், ஒன்பது பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பா? இன்னும் மூணு நாளை இழுப்பானேன்? இன்னைக்கே லீவு விட்டுடுங்க. பெருநாளுக்கு அப்புறம் பக்கத்து முஹல்லா மக்தபோட சேர்த்துடலாமான்னு யோசிக்கிறோம்" என்றார். அவர் சொன்னதில் பகை ஏதும் இல்லை. மின்கட்டணம், ஊதியம், கூடத்தின் பராமரிப்பு என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு அவருடையது.

அந்தச் சொல் நம்மைச் சுட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. விடுமுறைக்கு முந்தைய நாட்களை இத்தனை ஆண்டுகளாக நாமே வீணடித்து வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மனம் வீட்டில். நமக்கு மனம் ஊர்ப் பயணத்தில். "ஓதியதையே திரும்ப ஓதுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்த மாலைகள் பல. ஆகவே பெரியவரிடம், "மூன்று நாளும் வகுப்பு நடக்கட்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அன்றிரவு ஒரு கேள்வி எழுந்தது. சிறிய வகுப்பு என்பது உண்மையிலேயே நலிவின் அடையாளமா? விடுமுறைக்கு முந்தைய நாளை நம் முன்னோர் என்ன செய்தார்கள்?

இதற்கான விடை, திருச்சிராப்பள்ளியின் பழைய கணக்குகளிலேயே கிடைக்கிறது.

பதின்மூன்று பேர் கொண்ட பள்ளிகள்

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் நாட்டுப் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1823இல் திருச்சிராப்பள்ளி ஆட்சியர் அனுப்பிய கணக்கில் 790 பள்ளிகளும் 10,331 மாணவர்களும் காணப்படுகின்றனர். ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த அட்டவணைகள் அச்சாகியுள்ளன.

இந்த இரு எண்களையும் வகுத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதின்மூன்று பிள்ளைகள்! வகுப்புக்கு அன்று, முழுப் பள்ளிக்கும் பதின்மூன்று பேர். மாகாணம் முழுவதற்குமாக மன்றோ 1826இல் தொகுத்தளித்த கணக்கு 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 மாணவர்கள் என்கிறது. அங்கும் சராசரி பதினைந்துதான். நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடுக்கி வைப்பது பின்னர் வந்த வழக்கம். நம் மண்ணின் கல்வி பன்னெடுங்காலம் சிறு வகுப்பாகவே நடந்திருக்கிறது.

திருச்சிக் கணக்கில் நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பயின்றோரில் முஸ்லிம் சிறுவர் 690 பேர். முஸ்லிம் சிறுமியர் 56 பேர். தமிழ் மாவட்டங்கள் பலவற்றில் முஸ்லிம் சிறுமியர் பெயருக்குக்கூடக் காணப்படாத காலத்தில், திருச்சியில் ஐம்பத்தாறு பேர் ஓதச் சென்றிருக்கிறார்கள். அது பெரிய எண்ணன்று. ஆனால் அவர்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் எவரும், "எண்ணிக்கை குறைவு, மூடிவிடலாம்" என்று எண்ணியிருக்கவில்லை.

அக்காலப் பள்ளியில் பல வயதினரும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். மூத்த பிள்ளை இளையதற்கு எழுத்துக் கற்பித்தது. மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் கைக்கொண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அகரவரிசை கற்பிக்க அமர்த்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணையில் பிறந்த பழக்கம் கடல் கடந்து பெயர் பெற்றது. நாமோ அதை மறந்துவிட்டோம்.

ஈதி என்னும் தாள்

விடுமுறைக்கு முந்தைய நாளுக்கும் அப்பள்ளிகளில் ஒரு மரபு இருந்தது. இந்துச் சமயத்தவரின் திண்ணைப் பள்ளிகளில் நவராத்திரியை ஒட்டி ஆசிரியரும் மாணவரும் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர்; கிடைக்கும் பணமும் துணியும் ஆசிரியருக்குச் சேரும். நம் மக்தபுகளில் அதற்கு இணையாக இருந்தது 'ஈதி'.

இன்று ஈதி என்றால் பெருநாளன்று பிள்ளைகள் கையில் பெரியவர்கள் வைக்கும் பணம். அன்று அச்சொல் ஒரு தாளையும் குறித்தது. ஏலூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீஃப் என்பவர், சென்னை இராணுவ மருத்துவராக இருந்த ஹெர்க்லாட்ஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தென்னிந்திய முஸ்லிம்களின் வாழ்க்கை வழக்கங்களைத் தக்னி மொழியில் எழுதினார். அது 'கானூனே இஸ்லாம்' என்ற பெயரில் 1832இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் இவ்வழக்கம் விவரிக்கப்படுகிறது. பெருநாள் நெருங்கியதும் ஆசிரியர், அந்நாளைப் பற்றியோ பிள்ளையை வாழ்த்தியோ சில அடிகளை வண்ணத் தாளிலோ பொன்துகள் தூவிய தாளிலோ எழுதிப் பிள்ளையிடம் கொடுப்பார். பிள்ளை அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று பெற்றோர் முன் நின்று வாசித்துக் காட்டும். பெற்றோர் மகிழ்ந்து ஆசிரியருக்குத் தம்மால் இயன்ற தொகையை அனுப்புவர்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். வகுப்பில் கற்ற வாசிப்பு, விடுமுறையின் முதல் மாலையிலேயே வீட்டுக் கூடத்தில் ஒலித்துவிடுகிறது. தம் பிள்ளை என்ன கற்றது என்பதைப் பெற்றோர் காதால் கேட்டுவிடுகின்றனர். பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு தாள் பாலமாகிறது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆயினும் அது ஒரு முழுமையான பாடம்.

அதில் ஒரு குறையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் வருவாய் அத்தாளோடு கட்டப்பட்டிருந்தது. கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வண்ணத் தாள் மகிழ்ச்சியைவிடச் சங்கடத்தையே தந்திருக்கும். ஆகவே அம்மரபை மீட்பதாக இருந்தால், பணத்தை விலக்கிவிட்டு வாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள்: பத்துப் பேர் கொண்ட சபை

சலிப்புத் தட்டும் நாட்களில் எப்படிக் கற்பிப்பது என்பதற்கு நமக்கு மூத்த வழிகாட்டுதல் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் உபதேசம் செய்வார்கள். நாள்தோறும் செய்யக்கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, உங்களைச் சலிப்புறச் செய்ய விரும்பவில்லை என்றும், நபி (ஸல்) அவர்களும் எங்களுக்குச் சலிப்பு வந்துவிடுமோ என அஞ்சி நாட்களைத் தேர்ந்தே உபதேசித்தார்கள் என்றும் விடையளித்தார்கள்.

இன்னொரு செய்தி, சிறு வகுப்புக்கென்றே அமைந்தது போன்றது. நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர்களிடம் ஒரு விடுகதை போட்டார்கள். இலை உதிராத ஒரு மரம், அது முஸ்லிமுக்கு உவமை, அது எது? தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. அது பேரீச்ச மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. ஆனால் அங்கிருந்த பத்துப் பேரில் அவர்களே மிக இளையவர். வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. பின்னர்த் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது, நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார்கள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளவை.

பத்துப் பேர் கொண்ட சபை; ஒரு விடுகதை; விடை தெரிந்தும் பேசாத ஓர் இளம்பிள்ளை. நமது கூடத்தில் ஒன்பது பேர். அவர்களிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தன் அத்தாவின் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் கடந்து வரும் பத்து வயதுச் சிறுமி. இரண்டாண்டுகளில் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. கூட்டம் நிறைந்த வகுப்பில் அவளை நாம் கவனிக்கத் தவறியிருந்தால் ஒரு சமாதானம் சொல்லலாம். ஒன்பது பேரில் தவறியதற்கு என்ன சமாதானம்?

அன்று எல்லோர் கையிலும் ஒரு சிலேட்டைக் கொடுத்தோம். விடையை வாயால் சொல்லக்கூடாது. எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதே விதி. பின்னர் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். ஆலமரம், தென்னை, வேம்பு, பனை என்று வந்தன. அவளுடைய சிலேட்டில் மட்டும் பேரீச்ச மரம் என்றிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டோம். தலை குனிந்தபடியே, "எங்க நன்னி கிதாபுல வாசிச்சுச் சொல்லுவாங்க ஹஜ்ரத்" என்றாள். என்ன கிதாபு என்று கேட்டதற்கு, "அரபி எழுத்துல இருக்கும், ஆனா தமிழ்தான்" என்றாள். மற்ற எட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தனர். மறுநாள் பாடத்தை அவளே முடிவு செய்துவிட்டாள்.

இரண்டாம் நாள்: பாட்டியரின் எழுத்து

அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தால் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் உண்டாக்கினர். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இயற்றிய 'மஙானீ' போன்ற நூல்கள் இவ்வெழுத்தில்தான் வீடுதோறும் வாசிக்கப்பட்டன. தமிழ் எழுத்தறியாத நம் பெண்கள் பலர், குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தால் மார்க்கச் சட்டங்களையும் வரலாறுகளையும் தமிழிலேயே படித்தனர். கணக்கெடுப்பில் எழுத்தறியாதவர் என்று பதிவாகியிருக்கக்கூடிய பெண், வீட்டில் கிதாபு வாசித்து மற்றவர்க்குப் பொருள் சொல்லியிருக்கிறார்.

நமக்கும் இதில் பெரும் பயிற்சி இல்லை. முதல் நாள் இரவே பழைய கிதாபொன்றை எடுத்துவைத்துப் படித்துக்கொள்ள நேர்ந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு இது எளிதாகவே வந்தது. அரபு எழுத்தை அவர்கள் குர்ஆன் வாயிலாக அறிவர், தமிழோ தாய்மொழி. கூடுதல் எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும், முதலில் அவரவர் பெயரை எழுதினர். அடுத்து அம்மா, அத்தா. ஒரு மணி நேரத்தில் சிறு வாக்கியங்கள் வந்துவிட்டன. மூத்த பிள்ளைகள் மூவர், ஆளுக்கு இரண்டு இளையவரை அருகில் வைத்துக்கொண்டு கற்பித்தனர். பெல் கண்டு வியந்த திண்ணைப் பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் கூடத்திலும் ஒரு மாலை திரும்பி வந்தது.

மூன்றாம் நாள்: தரையில் ஒரு வரைபடம், கையில் ஒரு தாள்

கடைசி நாளின் முற்பகுதியில் தரையில் சுண்ணக்கட்டியால் திருச்சியை வரைந்தோம். காவிரி ஒரு கோடு, கொள்ளிடம் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவு, தெற்கே மலைக்கோட்டை, அருகில் நத்தர்வலி தர்கா. இந்த ஐந்து இடங்களுக்கும் ஐந்து பிள்ளைகள். மீதி நால்வரும் நவாபு முஹம்மது அலி, சந்தா சாகிப், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆயினர். ஒன்பது பேருக்கும் பங்கு கிடைத்தது. நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தொருவர் வேடிக்கைதான் பார்த்திருப்பர்.

1751இல் ஆற்காட்டு நவாபு பதவிக்காக முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள்ளும், சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு வெளியிலும் நின்றனர். 1752இல் நிலை மாறியது. பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் ஸ்ரீரங்கத் தீவுக்குள் பின்வாங்கினர். இரண்டு ஆறுகளுக்கு நடுவே வழியடைபட்டுப் பிரெஞ்சுப் படை அவ்வாண்டு ஜூன் மாதம் சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் புகுந்தார், அங்கே கொல்லப்பட்டார். பிள்ளைகள் இதையெல்லாம் கோடுகளின்மேல் நடந்தே கற்றனர். தீவுக்குள் மாட்டிக்கொண்ட சிறுவனுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து வெளியேறும் வழிகள் எத்தனை என்பது உடனே விளங்கிவிட்டது.

ஒரு சிறுவன் கேட்டான்: "அப்ப யாரு ஜெயிச்சாங்க ஹஜ்ரத்? முஹம்மது அலியா?"

வென்றவராகத் தோன்றிய முஹம்மது அலி வாலாஜா, கம்பெனியின் உதவிக்கு விலையாகத் தீராக் கடனில் மூழ்கினார். 1795இல் சென்னையில் காலமானார். 1801இல் கர்நாடக ஆட்சியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. வாலாஜாவின் உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர்வலி தர்கா வளாகத்தில் அடக்கப்பட்டது. சந்தா சாகிப்பின் அடக்கமும் அதே வளாகத்தில்தான் உள்ளது. ஒருவரையொருவர் அழிக்கப் பொருத இருவரும், பதினோராம் நூற்றாண்டில் இங்கு வந்து தங்கியதாக மரபு கூறும் ஒரு துறவியின் நிழலில் உறங்குகின்றனர். இதைச் சொன்னபோது நவாபாக நின்ற சிறுவனும் சந்தா சாகிப்பாக நின்ற சிறுவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அன்று காலை பள்ளி வாசலில் சண்டை போட்டுக்கொண்டவர்களும் அவர்களே!

பிற்பகுதியில் ஈதி. ஆளுக்கொரு வண்ணத் தாள். முன்பு ஆசிரியர் எழுதினார். இம்முறை பிள்ளைகளே எழுதினர். மூன்று விதிகள் மட்டும் வகுத்தோம். வீட்டிலுள்ள ஒருவரை முன்னிலைப்படுத்தி எழுத வேண்டும். ரமலானில் தான் செய்ய எண்ணும் ஒரு நற்செயலைக் குறிப்பிட வேண்டும். அன்றிரவே நின்று வாசித்துக் காட்ட வேண்டும். பணம் வாங்கக்கூடாது, கேட்பவர் அடியில் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். தமிழிலோ அரபுத்தமிழிலோ எழுதலாம் என்றோம். ஸ்ரீரங்கத்துச் சிறுமி நன்னிக்கு அரபுத்தமிழில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நாம் பார்க்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

ஒரு வரி விடை

ரமலானின் முதல் ஜுமுஆவன்று அச்சிறுமியின் அத்தா பள்ளிவாசலில் நம்மைத் தேடி வந்தார். மடித்த வண்ணத் தாளொன்றைக் கொடுத்தார். அதன் அடியில், நடுங்கும் கையால் எழுதிய அரபுத்தமிழ் வரிகள். வகுப்புக்கு துஆச் செய்துவிட்டு, பெருநாளுக்குப் பின் பேத்தியை எந்த நாளில் அனுப்ப வேண்டும் என்று நன்னி கேட்டிருந்தார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. தாளை எடுத்துச் சென்று ஜமாஅத் பெரியவரிடம் காட்டினோம். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. "எங்க அம்மா இந்த எழுத்துலதான் வாசிப்பாங்க" என்று மட்டும் சொன்னார். நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு, "ஷவ்வால் பத்துல திறங்க ஹஜ்ரத். சேர்க்கிறதப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்றார்.

இது நிரந்தரமான தீர்வன்று என்பதை அறிவோம். மின்கட்டணமும் ஊதியமும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள் இன்னும் ஒன்பது பேர்தாம். ஆயினும் 1823ஆம் ஆண்டின் ஐம்பத்தாறு சிறுமியரை நினைத்துக்கொள்கிறோம். அவர்களுள் யாரேனும் ஒருத்தி கற்ற எழுத்து, வீட்டுக்கு வீடு, தாய்க்குப் பின் மகளாக வந்து, ஸ்ரீரங்கத்து நன்னியின் கையில் நின்றிருக்கவும் கூடும். கற்றவர் எத்தனை பேர் என்பதைவிட, கற்றது அடுத்த கைக்குச் சேர்ந்ததா என்பதே பெரிய கேள்வி.

அன்புப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் மக்தபில் பத்துப் பேர்தாம் இருக்கிறார்கள் என்று தயங்காதீர்கள். விடுமுறைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படாதீர்கள். அந்நாட்களில் பிள்ளை கொண்டுவரும் தாளை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நிற்க வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் அரபுத்தமிழ் கிதாபு பரண்மேல் இருந்தால் இறக்கித் தூசி தட்டுங்கள். வாசிக்கத் தெரிந்த நன்னிமார் இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். ஆசிரியப் பெருமக்களும் சிறிய வகுப்பைக் குறையாகக் கருதாமல், வாய் திறவாத அந்த ஒரு பிள்ளையைக் கண்டுகொள்ளக் கிடைத்த வாய்ப்பாகக் கருதுவார்களாக.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக! நம் மக்தபுகளின் விளக்குகளை அணையாமல் காப்பானாக! ஆமீன்.